ஏழரை மணிக்கு நின்றுபோகும் படம்

கீழமருதங்குடி,
திருப்பனந்தாள் வழி.
4 டிசம்பர் 2024

அன்புள்ள சம்பந்தி குஞ்சிதபாதம் அவர்களுக்கு ரெத்தினம் எழுதிக்கொள்வது.

இங்கு நான், பொன்னுத்தாய், மகன் செழியன் எல்லோரும் நலம். சம்பாவில் கதிர் வந்துவிட்டது. நீங்களும் சம்பந்தியம்மாவும் நலம்தானே. நாகப்பட்டினத்தில் மழை அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். செய்தி பாதியில் நின்றுவிட்டதால் எவ்வளவு அதிகம் என்று தெரியவில்லை. அது ஏன் நிற்கிறது என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் கேட்டால் பொன்னுத்தாய் காதில் விழும். வாட்ஸ்அப்பில் கேட்கலாம் என்றால், போன மாதம் என் தம்பிக்குத் தனியாக அனுப்புவதாக நினைத்து உங்கள் வீட்டுச் சாம்பாரைப் பற்றி நான் அனுப்பியது நம் குடும்பக் குழுவில் வந்து விழுந்தது. நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இப்போதைக்கு எனக்குத் தபால்காரர் மேல்தான் நம்பிக்கை.

தினமும் சாயங்காலம் ஏழரை மணிக்கு மகள் எழில்மொழி வீடியோவில் கூப்பிடுகிறாள். ஹாலந்தில் அப்போது மூன்று மணி, மலர் தூங்கி எழுந்திருக்கும் நேரம். பேத்தி முகம் தெரிகிறது. "மலர்க்குட்டி, தாத்தாவைப் பாரு" என்று ஆரம்பிப்பேன். அதோடு சரி. படம் அப்படியே நிற்கும், பிறகு அறுந்துவிடும். மறுபடி கூப்பிட்டால் மறுபடி நிற்கும். எட்டு மணிக்கு மேல் எல்லாம் தானாகச் சரியாகிவிடுகிறது. அப்போது மலர் உங்களோடு பேசிக்கொண்டிருப்பாள்.

கேபிள்காரர் மூன்று முறை வந்தார். அவர் வருவது பகல் பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் நெட், பள்ளிக்கூட ஆய்வாளரைக் கண்ட பிள்ளை மாதிரி ஒழுங்காக ஓடுகிறது. ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போகிறார்.

தொலைபேசித் துறையில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர் நீங்கள். உங்களிடம் மட்டும் கேட்கக்கூடாது என்று ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மறைத்து என்ன, எனக்கு உங்கள் மேல் பொறாமை. தலைப்பிரசவம் பெண்ணைப் பெற்றவர்கள் பார்க்க வேண்டியது. பிள்ளை அங்கே பிறந்தது; என்னிடம் பாஸ்போர்ட் இல்லை, உங்களிடம் இருந்தது. நீங்களும் சம்பந்தியம்மாவும் மூன்று மாதம் போய் இருந்து குளிப்பாட்டினீர்கள், தூளி ஆட்டினீர்கள், தினமும் பதினான்கு போட்டோ அனுப்பினீர்கள். பதினான்கிலும் நீங்கள் இருந்தீர்கள்.

வருகிற தை பத்தொன்பதாம் தேதி மாப்பிள்ளை அன்பரசனும் எழிலும் மலரைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். எங்கள் அய்யனார் கோயிலில் காதுகுத்து. காது குத்தும்போது பிள்ளை அழுவது வேறு, என்னைப் பார்த்தவுடன் அழுவது வேறு. ஊரே நின்று பார்க்கும். அதற்குள் என் முகம் அவளுக்குப் பழகியாக வேண்டும். இரண்டு மாதம்கூட இல்லை.

வழி சொல்லுங்கள். பத்தாவது படித்தவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். அந்தப் பத்தாவதையும் இரண்டாம் தடவை எழுதித்தான் தேறினேன்.

தங்கள்,
வை. ரெத்தினம்

*

நாகப்பட்டினம்
7 டிசம்பர் 2024

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. சாம்பார் விஷயம் நினைவில் இருக்கிறது.

கோளாறைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது பொறுமை, இரண்டாவது ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு வாரம் தினமும் குறித்து வையுங்கள். நெட் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குத் திரும்பியது, அப்போது வீட்டில் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது, ரூட்டரில் விளக்குகள் எப்படி எரிந்தன, இவ்வளவும் வேண்டும். ஊகம் எழுத வேண்டாம், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். வீட்டில் எத்தனை டி.வி., எத்தனை செட்டாப் பாக்ஸ், அவை ரூட்டரோடு வயரில் இணைந்திருக்கின்றனவா, வைஃபையிலா என்பதையும் தெரிவிக்கவும்.

இங்கு ஒரு டி.வி., ஒரு பெட்டி, ஒரு வயர். பதினொரு மாதத்தில் ஒரு முறைகூட நின்றதில்லை.

மலர் நேற்று ஒன்று முதல் ஐந்து வரை சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்தது.

இப்படிக்கு,
த. குஞ்சிதபாதம்

*

கீழமருதங்குடி
16 டிசம்பர் 2024

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

ஐந்து வரை சொன்னாள் என்ற செய்திக்கு நன்றி. அதை நீங்கள் எழுதாமல் இருந்திருந்தாலும் கடிதம் முழுமையாகத்தான் இருந்திருக்கும்.

நோட்டுப் போட்டேன். பம்புசெட் மோட்டார் ஓடினால் நெட் ஓடுகிறது. மிக்சி ஓடினால் ஓடுகிறது. மழை பெய்தாலும் ஓடுகிறது. பொன்னுத்தாய்க்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்லாத செவ்வாய்க்கிழமையும் ஓடியது. ஏழு நாளும் அது விட்டுவிட்டு நின்றது ஏழு இருபத்தைந்திலிருந்து எட்டு வரைதான்.

டி.வி. இரண்டு இருக்கிறது. கூடத்தில் ஒன்று, உள்ளறையில் ஒன்று. ஏழரைக்கு எனக்குச் செய்தி வேண்டும், அவளுக்கு சீரியல் வேண்டும். முப்பது வருஷக் குடும்பம் பிரியாமல் இருக்கட்டும் என்று தீபாவளிக்கு இரண்டாவதை வாங்கினேன். கேபிள்காரர் அதற்கும் ஒரு பெட்டி கொடுத்தார். பெட்டி இரண்டும் வைஃபையில்தான் ஓடுகின்றன. உள்ளறைப் பெட்டியைப் பொன்னுத்தாய் சீரியலுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் பிளக்கில் போடுவாள், சீரியல் முடிந்ததும் பிளக்கிலேயே அணைத்துவிடுவாள். கரண்ட் விஷயத்தில் அவள் மின்வாரியத்தைவிடக் கண்டிப்பு.

ஆனால் டி.வி. மேல் பழி போட முடியாது. மலர் கூப்பிட்டதும் நான் செய்தியை விட்டுவிடுகிறேன், அவள் சீரியலை விட்டுவிடுகிறாள். இரண்டு டி.வி.யையும் ரிமோட்டில் அணைத்துவிட்டுத்தான் போன் முன்னால் உட்காருகிறோம். அப்படியும் நிற்கிறது.

விளக்கைப் பற்றிக் கேட்டீர்கள். மற்ற நேரத்தில் ரூட்டர் விளக்குகள் ஒன்று மாற்றி ஒன்று சாவகாசமாக மினுக்குகின்றன. ஏழரைக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் பத்து தடவை அடித்துக்கொள்கின்றன. எங்கள் கோயில் திருவிழாவில் சீரியல் லைட் போடுபவர்கூட அவ்வளவு வேகம் வைக்க மாட்டார்.

நேற்று படம் நின்றபோது மலர் வேறு பக்கம் திரும்பியிருந்தாள். நாற்பது வினாடி அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருட்டை முடி. அது எங்கள் பக்கம்.

தங்கள்,
ரெத்தினம்

*

நாகப்பட்டினம்
21 டிசம்பர் 2024

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நோட்டுப் பதிவு நன்றாகவே இருந்தது. செவ்வாய்க்கிழமை விவரம் தேவையில்லை.

விளக்குகள் வேகமாக மினுக்குவது சாதாரணம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ரூட்டர் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பக்கத்தில் இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி போன்றவை இருந்தால் அலை தடைபடும். பீரோவை நகர்த்துங்கள், அல்லது ரூட்டரை உயரமான இடத்துக்கு மாற்றுங்கள். மாற்றிப் பத்து நாள் கவனித்துவிட்டு எழுதவும். அவசரப்பட்டு வேறு எதையும் தொட வேண்டாம்.

சுருட்டை முடி என் தாயாருக்கும் உண்டு.

இப்படிக்கு,
த. குஞ்சிதபாதம்

*

கீழமருதங்குடி
2 ஜனவரி 2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

பீரோவை நகர்த்தினோம். அது என் மாமனார் சீதனமாகக் கொடுத்தது. முப்பது வருஷம் ஒரே இடத்தில் இருந்தது. நானும் செழியனும் தள்ள, பொன்னுத்தாய் தன் அப்பாவையே நாங்கள் தள்ளுவது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ரூட்டர் இப்போது உத்தரத்துக் கொக்கியில் தொங்குகிறது. பிள்ளை பெற்ற வீட்டில் தூளி தொங்கும், எங்கள் வீட்டில் இது தொங்குகிறது. பத்து நாள் பார்த்தாயிற்று. பத்து நாளும் ஏழரைக்கு நின்றது.

வருஷப் பிறப்பன்று எழில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். நீங்களும் பார்த்திருப்பீர்கள், அதில் இருப்பதே நீங்கள்தான். மலர் போனை இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, உங்களைப் பார்த்து, "தாத்தா" என்கிறாள். சுத்தமாகச் சொல்கிறாள். நான் ஏழு தடவை போட்டுப் பார்த்தேன். பொன்னுத்தாய், "இன்னும் எத்தனை தடவைங்க பார்ப்பீங்க?" என்றாள். "டாட்டா சொல்றாளோன்னு பார்க்குறேன்" என்றேன். எட்டாவது தடவையும் தாத்தாதான்.

 பிள்ளை யாரைத் தாத்தா என்றால் என்ன, இருவரும் தாத்தாதானே என்று என்னையே நான் சமாதானம் செய்து பார்த்தேன். நான் கேட்கவில்லை.

ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். தீபாவளி சமயத்தில் எழில் பேச்சோடு பேச்சாக, "மாமா வீட்டுல பெட்டிக்கு வயர் போட்டிருக்காங்கப்பா, அதான் அங்க அவ்வளவு தெளிவா இருக்கு" என்றாள். மறுநாளே பஸ் ஏறிக் கும்பகோணம் போய் முப்பது மீட்டர் வயர் வாங்கி வந்தேன். உங்களுக்கு ஒரு வயர்தானே, நான் இரண்டு பெட்டிக்கும் போட்டேன். சுவர் ஓரமாக ஆணி அடித்து, பாய்க்கு அடியில் விட்டு, நானே மாட்டினேன். ஏற்கெனவே இருந்த வைஃபையையும் எடுக்கவில்லை. ஒரு வயலுக்கு இரண்டு மடை திறந்தால் சீக்கிரம் பாயும். அது மாதிரி வயரிலும் வரட்டும், காற்றிலும் வரட்டும், உங்கள் வீட்டைவிட இரண்டு மடங்கு தெளிவாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். உங்களைப் பார்த்துச் செய்தேன் என்று உங்களிடமே எழுதக் கூச்சமாக இருந்தது. அதனால் வைஃபை என்று மட்டும் எழுதினேன். நின்றுபோக ஆரம்பித்ததும் அதற்கு அப்புறம்தான். ஒருவேளை அதில் ஏதாவது இருக்குமா என்று இப்போது தோன்றுகிறது.

சரியாக முப்பது நாள் இருக்கிறது. இடுப்பு வலியோடு கேட்கிறேன். ஏதாவது செய்யுங்கள்.

தங்கள்,
ரெத்தினம்

*

நாகப்பட்டினம்
8 ஜனவரி 2025

சம்பந்தி,

இரண்டு பெட்டிகளின் பின்னால் மாட்டியிருக்கும் வயர்களைக் கழற்றிவிடுங்கள். அவ்வளவுதான். கடிதத்தை இங்கேயே கீழே வைத்துவிட்டு முதலில் போய்க் கழற்றுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

கழற்றியிருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். உங்கள் கேபிள்காரர் கொடுத்திருப்பது போன்ற பெட்டிகள் டி.வி. காட்டுவதோடு நிற்பதில்லை, ஒன்றோடு ஒன்று வைஃபையில் பேசிக்கொண்டு, வந்ததை அடுத்ததற்குத் தள்ளியும் விடும். வயரும் இருந்துவிட்டால், வயரில் போன செய்தி காற்றில் திரும்பி வரும், வந்தது மறுபடி வயரில் போகும். வாய்க்காலில் இருந்து வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் வடிகால் வழியாக அதே வாய்க்காலுக்கு ஏறி, திரும்பத் திரும்ப அதே வயலுக்குப் பாய்வது போல. கொஞ்ச நேரத்தில் புதுத் தண்ணீருக்கு இடமே இருக்காது. மலர் வர இடம் இல்லாமல் போனது இப்படித்தான். ரிமோட்டில் நீங்கள் அணைத்தது டி.வி.யை மட்டும். பெட்டி விழித்துக்கொண்டுதான் இருந்தது. எட்டு மணிக்குச் சம்பந்தியம்மா பிளக்கில் அணைத்ததால் சுற்று அறுந்து எல்லாம் சரியானது.

இது எனக்கு டிசம்பர் பத்தொன்பதாம் தேதியே தெரியும். விளக்குகள் ஒன்றாக அடித்துக்கொள்கின்றன என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததுமே தெரியும். நீங்கள் வயர் வாங்கியதை எழில்மொழி அப்போதே என்னிடம் சொல்லியிருந்தாள். பீரோவை நகர்த்தச் சொன்னதற்கு ஒரு காரணமும் கிடையாது. உங்கள் இடுப்புக்கு நான்தான் பொறுப்பு.

ஏன் செய்தேன் என்று எழுதியாக வேண்டும். மூன்று தாள் கிழித்தாயிற்று.

உங்கள் லைன் அறுந்ததும் எழில்மொழி எனக்குக் கூப்பிடுகிறாள். இங்கே படம் நிற்பதே இல்லை. நான் ஒன்று இரண்டு சொல்லித்தருகிறேன். குழந்தை ஐந்து வரை சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறாள். பத்து வரை அவள் இருந்ததே இல்லை. எழுந்து போய் என்ன செய்கிறாள் தெரியுமா? அங்கே உங்கள் படம் நிற்கும்போது நீங்கள் வாயைத் திறந்து, ஒரு கண்ணை மூடி, கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்தபடி நிற்கிறீர்களாம். அவளுக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. அதே மாதிரி வாயைத் திறந்து, ஒரு கண்ணை மூடி நிற்கிறாள். சாப்பிடும்போது ஸ்பூன் பாதி வழியில் நிற்கிறது. அன்பரசன் செருப்பு மாட்டும்போது அவனும் நிற்க வேண்டும். நிற்கச் சொல்ல அவளுக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றுதான், "தாத்தா."

வருஷப் பிறப்பு வீடியோவில் அவள் சொன்னதும் அதுதான். அதற்கு இரண்டு நிமிஷம் முன்புதான் உங்கள் லைன் அறுந்திருந்தது. வீடியோ அதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அடுத்து அவள் வாயைத் திறந்துகொண்டு நின்றதை நான் பார்த்தேன். அவள் தாத்தா என்று என்னைச் சொல்லவில்லை. என்னை நிற்கச் சொன்னாள்.

மூன்று மாதம் குளிப்பாட்டியவன் நான். அறுந்து போகிற லைனிலேயே இவருக்கு இவ்வளவு கிடைக்கிறது, லைன் சரியாகிவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும் என்று தோன்றிவிட்டது. துறையில் இருந்த காலம் முழுக்க ஒரு புகாரையும் நான் கிடப்பில் போட்டதில்லை. உங்களுடையதைப் போட்டேன்.

த. குஞ்சிதபாதம்

*

கீழமருதங்குடி
24 ஜனவரி 2025

சம்பந்தி குஞ்சிதபாதம் அவர்களுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அறுப்பு மெஷினுக்குக் காத்திருந்தேன், பொங்கல் வந்தது என்றெல்லாம் காரணம் சொல்லலாம். உண்மையில் கோபம். உங்கள் கடிதத்தை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். பொன்னுத்தாய் எடுத்துப் படித்துவிட்டாள். இரண்டு பேரும் கடிதம் போட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் கேட்டு வாங்கி முதலில் இருந்து படித்தாள். கடைசியில் சொன்னாள்: "மலரோட சேர்த்து உங்க ரெண்டு பேருக்கும் அன்னைக்கே காது குத்திடலாம்ங்க. ஒரே செலவாப் போயிடும்."

முதலில் ஒரு திருத்தம். வடிகாலில் இறங்கிய தண்ணீர் மேலே வாய்க்காலுக்கு ஏறாது. துறையில் எவ்வளவு வருஷம் இருந்தாலும் தண்ணீர் பள்ளத்துக்குத்தான் போகும். ஆனாலும் புரிந்தது.

வயரைக் கழற்றிய அன்றே சரியாகிவிட்டது. ஏழரைக்குப் பதினொரு நிமிஷம் ஒரு சிமிட்டல் இல்லாமல் ஓடியது. மலர் மூக்கில் இருந்த ரொட்டித் துகள்கூடத் தெரிந்தது. மாடு கன்றுக்குட்டி போட்டதைச் சொன்னேன், மயில் வந்ததைச் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். எதற்கோ காத்திருக்கிற மாதிரி பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நாளும் அதே. உங்கள் கடிதத்தைப் படித்திருந்ததால் அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் ஏழு இருபதுக்கு, கழற்றிய வயரைக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். சொருகினால் போதும், பழையபடி நின்றுவிடும், பிள்ளை சிரிக்கும். பொன்னுத்தாய் கதவருகில் நின்று பார்த்தாள். "சொருகிடாதீங்க. அவ இங்க வந்து எதிர்ல நிக்கும்போது எந்த வயரைச் சொருகுவீங்க?"

வயரைக் கீழே போட்டேன். மலர் வந்தாள். கன்றுக்குட்டிக் கதையை ஆரம்பித்து, பாதியில் வாயைத் திறந்தேன், ஒரு கண்ணை மூடினேன், கையைத் தூக்கினேன், அப்படியே இருந்துவிட்டேன். மூச்சுகூட விடவில்லை. அவள் போனுக்குப் பக்கத்தில் வந்து, இன்னும் பக்கத்தில் வந்து, என் மூக்கைத் தொட்டாள். பிறகு சிரித்த சிரிப்பில் எழில் அடுப்படியில் இருந்து ஓடி வந்தாள். பிறகு அவள் நின்றாள். நான் அசைந்தால் அவள் அசைவாள், நான் நின்றால் நிற்பாள். பொன்னுத்தாய் மறுபடியும் நெட் போய்விட்டது என்று நினைத்து, உத்தரத்தில் தொங்குகிற ரூட்டரைத் துடைப்பக்கட்டையால் தட்டினாள். இப்போது தினமும் இதுதான் நடக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு உத்தியோகம் கிடைத்திருக்கிறது.

உங்களைத் திட்டி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் அதில் பாதி எனக்கும் பொருந்தியது. உங்களுடைய இடத்தில் நான் இருந்திருந்தால் டிசம்பர் பத்தொன்பதில் தெரிந்ததைச் சித்திரை வரை சொல்லியிருக்க மாட்டேன். நீங்கள் இருபது நாளில் சொல்லிவிட்டீர்கள். படித்தவர் என்பது அதில் தெரிகிறது.

ஆனாலும் பொறாமை போகவில்லை. குளிப்பாட்டிய கையை அவள் தொட்டால் தெரிந்துகொள்வாள் என்று எனக்குள் ஒரு பயம் இருக்கிறது. போனில் நின்று காட்டியவனை நேரில் அவளுக்கு அடையாளம் தெரியாமல் போகலாம்.

அதனால் ஒரு ஏற்பாடு. பிப்ரவரி ஒன்றாம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திருச்சியில் இறங்குகிறார்கள். நீங்களும் சம்பந்தியம்மாவும் வெள்ளிக்கிழமையே இங்கே வந்துவிடுங்கள். செழியன் வண்டி எடுக்கிறான், ஒரே வண்டியில் போவோம். வெளியே வருகிற வழியில் நாம் இருவரும் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். ஒருவர் முன்னால் போய்க் கை ஆட்டக்கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. நீங்கள் ஒன்று இரண்டு சொல்லக்கூடாது, நான் வாயைத் திறந்துகொண்டு நிற்கமாட்டேன். அவளாக யாரிடம் வருகிறாளோ அவர் தூக்கிக்கொள்ளட்டும், மற்றவர் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரட்டும். என் இடுப்பு இன்னும் சரியாகவில்லை, ஆனாலும் முறை என்றால் தள்ளுவேன்.

சட்டை விஷயத்தில் மட்டும் நிபந்தனை எதுவும் கிடையாது. தினமும் போனில் உட்காரும்போது போடுகிற நீலச் சட்டையைத்தான் நான் போட்டுக்கொண்டு வருவேன். துவைத்து மடித்து இப்போதே எடுத்து வைத்தாயிற்று.

தங்கள்,
ரெத்தினம்